நான்கு சர்வர்களை ஒன்றாக்குவது எப்படி? சிறு நிறுவனங்களுக்கான மெய்நிகராக்கச் செய்முறை

சிங்கப்பூரில் உபி, காக்கி புக்கிட் பக்கம் இருக்கும் சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் ஒரு குட்டி சர்வர் அறை இருக்கும். கணக்கு மென்பொருளுக்கு ஒரு சர்வர், கோப்புகளுக்கு ஒன்று, ஊழியர்களின் உள்நுழைவைக் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலர் ஒன்று, வருகைப் பதிவுக்கு இன்னொன்று. நான்கும் இரவு பகலாக ஓடும், அவற்றுக்காக ஏர்கானும் ஓடும். ஆனால் நாளின் பெரும்பகுதி அவற்றுக்கு வேலையே இருக்காது. அந்த நான்கையும் ஒரே இயந்திரத்துக்குள் கொண்டுவரும் வழியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஓர் இயந்திரத்தின் சிபியு, நினைவகம், டிஸ்க் ஆகியவற்றைப் பங்குபோட்டுப் பல மெய்நிகர் கணினிகளுக்குக் கொடுக்கிறது. மெய்நிகர் கணினியைச் சுருக்கமாக விஎம் என்பார்கள். ஒவ்வொரு விஎம்மிலும் தனி விண்டோஸோ லினக்ஸோ ஓடும். ஒன்றை ரீஸ்டார்ட் செய்தால் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அடியில் இருக்கும் இயந்திரமே படுத்துவிட்டால் நான்கும் சேர்ந்து படுத்துவிடும். அதனால் பேக்கப் வேலையை, பழைய சர்வர்களை நகர்த்துவதற்கு முன்பே முடிக்கச் சொல்கிறேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் அளந்து பாருங்கள்

பழைய சர்வர் ஒவ்வொன்றிலும் விண்டோஸின் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரை ஓடவிட்டு, சிபியு, நினைவகம், டிஸ்க் பயன்பாட்டைப் பதிவு செய்யுங்கள். ஒரு வாரம் போதாது. மாதக் கடைசியும் அதில் வர வேண்டும். சம்பளம், மத்திய சேம நிதிச் சந்தா, காலாண்டுப் பொருள் சேவை வரிக் கணக்கு என்று கணக்குப் பிரிவு மூச்சுவிடாமல் வேலை பார்க்கும் நாட்களில்தான் உண்மையான உச்சம் தெரியும்.

மின்செலவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு சர்வர் சராசரியாக 200 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,752 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்றால் சுமார் 525 வெள்ளி. நான்கு சர்வர்களுக்கு 2,100 வெள்ளி. 300 வாட் இழுக்கும் ஒரே சர்வருக்கு 790 வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஏர்கான் மிச்சம் இதில் சேரவில்லை. உங்கள் இடத்தின் உண்மையான எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முதலாளியிடம் பேசும்போது இந்தத் தாள் உதவும்.

2. எந்த ஹைப்பர்வைசர்? உரிமம் எவ்வளவு?

ஹைப்பர்வைசர் விற்கும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. சிறு நிறுவனத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. விண்டோஸ் சர்வரோடு வரும் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி நல்லது. உங்கள் அணிக்கு விண்டோஸ் மட்டுமே தெரியும் என்றால் அதையே எடுங்கள். நான் இங்கே விளக்கப் போவது பிராக்ஸ்மாக்ஸ். டெபியன் லினக்ஸின்மேல், லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் ஹைப்பர்வைசரான கேவிஎம் கொண்டு கட்டிய திறந்த மூல மென்பொருள். இலவசமாகவே பயன்படுத்தலாம், பொறுப்பான ஆதரவு வேண்டுமென்றால் சந்தா கட்டலாம்.

பலர் தடுக்கி விழும் இடம் மைக்ரோசாஃப்ட் உரிமம். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு, இயந்திரத்தின் சிபியுவில் உள்ள எல்லா கோர்களுக்கும் (கணக்கிடும் உள் அலகுகள்) உரிமம் வாங்க வேண்டும். குறைந்தது 16 கோர். அப்படி ஒருமுறை வாங்கினால் இரண்டு விண்டோஸ் விஎம்கள் ஓட்டலாம். மூன்றாவதோ நான்காவதோ வேண்டுமென்றால் எல்லா கோர்களுக்கும் இன்னொரு முறை வாங்க வேண்டும். ஆக, 32 கோர் உள்ள சர்வரை ஆசைப்பட்டு வாங்கினால் உரிமச் செலவும் இரட்டிப்பாகும். நமக்கு 16 கோர் தாராளம். பழைய சர்வரோடு வந்த ஓஇஎம் உரிமம் அந்த வன்பொருளோடு கட்டுண்டது; அதைப் புதிய இயந்திரத்துக்குக் கொண்டுபோக முடியாது. மிச்சமாகும் தொகையைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்காமல் விட்டால் கணக்கு தப்பாகிவிடும். வருகைப் பதிவு மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு விண்டோஸ் குறைந்தாலும் நல்ல மிச்சம்.

3. இயந்திரம்

நினைவகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சிபியுவைப் பல விஎம்கள் மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளும். நினைவகம் அப்படி நீண்டு கொடுக்காது. நீங்கள் அளந்த உச்சங்களைக் கூட்டி, அதன்மேல் கால் பங்கு சேருங்கள். நாம் பேசும் அளவுக்கு 64 ஜிபி சரியான தொடக்கம். சர்வர் தர எஸ்எஸ்டி இரண்டு, இரட்டை மின்வழங்கி, ஒரு யுபிஎஸ் அவசியம். பேக்கப்புக்குத் தனியாக ஒரு என்ஏஎஸ், அதாவது பிணையத்தில் இணையும் சேமிப்புப் பெட்டி, வேண்டும்.

இரண்டு சர்வர் வாங்கி, ஒன்றுக்கொன்று துணையாக இயங்கும் கிளஸ்டர் போடலாமா என்று கேட்பார்கள். கிளஸ்டரில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாக்கு, பெரும்பான்மை இருந்தால்தான் வேலை தொடரும். இரண்டில் ஒன்று விழுந்தால் மிஞ்சிய ஒன்றுக்குப் பெரும்பான்மை வாக்கு கிடைக்காது. மூன்றாவதாக ஒரு வாக்கு தேவைப்படும். தொடக்கக்காரர்களுக்கு அந்தச் சிக்கல் வேண்டாம். ஒரு நல்ல சர்வரும், தேறிய பேக்கப்பும் போதும்.

4. நிறுவுதல்

பயாஸில், சிபியுவின் மெய்நிகராக்க வசதியான விடி-எக்ஸ் (ஏஎம்டி என்றால் எஸ்விஎம்) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிராக்ஸ்மாக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் நகல்) யுஎஸ்பியில் எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். தேர்ந்தெடுக்கும் டிஸ்க் முழுவதும் அழிக்கப்படும், கவனம். டிஸ்க் தேர்வில் இரண்டு எஸ்எஸ்டிகளையும் காட்டி இசட்எஃப்எஸ் ரெய்ட்-1 கொடுங்கள், அதாவது இரண்டிலும் ஒரே தரவு எழுதப்படும். ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். வன்பொருள் ரெய்ட் கார்டு இருந்தால் அதன் ரெய்டை அணைத்துவிட்டு டிஸ்க்குகளை நேரடியாகக் கொடுங்கள். நிலையான ஐபி முகவரி கொடுத்து முடித்தால், இன்னொரு கணினியின் பிரவுசரில் அந்த முகவரியை 8006 என்ற போர்ட்டோடு திறக்கலாம். சான்றிதழ் எச்சரிக்கை வரும், முதல்முறை இயல்புதான். பயனர் பெயர் ரூட்.

5. முதல் விஎம்

விண்டோஸ் ஐஎஸ்ஓவோடு, விர்ட்ஐஓ (விஎம்களுக்கான வேகமான டிஸ்க், பிணைய முறை) டிரைவர் ஐஎஸ்ஓவையும் பதிவேற்றுங்கள். அப்புறம் ‘கிரியேட் விஎம்’ பொத்தான். டிஸ்க்குக்கு விர்ட்ஐஓ ஸ்கசி, பிணையத்துக்கு விர்ட்ஐஓ தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க்கே தெரியாது. பயப்பட வேண்டாம், ‘லோட் டிரைவர்’ அழுத்தி அந்த இரண்டாவது ஐஎஸ்ஓவைக் காட்டினால் தெரிந்துவிடும். சிபியு இரண்டு கோரில் தொடங்குங்கள், தேவைப்பட்டால் பிறகு கூட்டலாம். முடிந்ததும், விஎம்முக்குள் இருந்து பிராக்ஸ்மாக்ஸோடு பேசும் சிறு மென்பொருளான கெஸ்ட் ஏஜென்டையும் நிறுவிவிடுங்கள். சீராக நிறுத்தவும் பேக்கப் எடுக்கவும் அது உதவும்.

6. பேக்கப், மீட்டெடுப்பு

என்ஏஎஸ்ஸை ஸ்டோரேஜாகச் சேர்த்து, டேட்டாசென்டர் மெனுவில் இரவு பேக்கப்புக்கு நேரம் குறியுங்கள். ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியேயும் இருக்க வேண்டும். விஎம்மின் அந்த நேர நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்தேன், அது போதாதா என்றால் போதாது. ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும். அப்டேட் போடுவதற்கு முன் எடுத்து, எல்லாம் சரியென்றால் அழித்துவிடுவதற்கான வசதி அது.

இப்போது ஐந்தாம் படியில் உருவாக்கிய விஎம்மின் பேக்கப்பை வேறு விஎம் எண்ணில் மீட்டெடுங்கள். பிணைய இணைப்பைத் துண்டித்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரே பெயரிலும் முகவரியிலும் இரண்டு இயந்திரங்கள் மோதும். விண்டோஸ் திறந்து கோப்புகள் சரியாக இருந்தால், எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள். சர்வர் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் வேலை தொடங்கும் என்ற கேள்விக்கு உங்களிடம் உண்மையான பதில் அதுதான்.

7. பழைய சர்வர்களை நகர்த்துதல்

யாரும் அதிகம் தொடாத வருகைப் பதிவிலிருந்து தொடங்குங்கள், கணக்கு சர்வர் கடைசி. மைக்ரோசாஃப்டின் டிஸ்க்2விஎச்டி என்ற இலவசக் கருவி, ஓடும் விண்டோஸை அப்படியே ஒரு டிஸ்க் கோப்பாக்கித் தரும். முன்னதாக டேட்டாபேஸ் சேவையை நிறுத்திவிடுங்கள்; விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியைக் கையில் வைத்திருங்கள். அந்தக் கோப்பை விஎம்முக்குள் இறக்குமதி செய்து முதலில் சாட்டா டிஸ்க்காக இணைத்து பூட் செய்யுங்கள். டிரைவர் நிறுவிய பிறகு விர்ட்ஐஓவுக்கு மாற்றலாம். பழைய இயந்திரம் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய பூட் முறை) என்றால் விஎம்மிலும் அதையே கொடுங்கள்.

டொமைன் கன்ட்ரோலரை மட்டும் இப்படி நகலெடுக்காதீர்கள். புதிய விஎம் ஒன்றை டொமைன் கன்ட்ரோலராக்கி, பொறுப்புகளை அதற்கு மாற்றி, பழையதை முறைப்படி விலக்குங்கள். கணக்கு மென்பொருளுக்கு யுஎஸ்பி உரிமச் சாவி இருந்தால் அதை விஎம்முக்கு நேரடியாகக் கொடுக்கும் வசதி உண்டு. ஸ்டார்ட் வரிசையில் டொமைன் கன்ட்ரோலர் முதலில் எழ வேண்டும், மற்றவை சற்றுத் தாமதித்து.

எல்லாம் ஓடுகிறது என்றதும் பழைய சர்வர்களை உடனே தூக்கிப் போடாதீர்கள். பிணைய வயரைக் கழற்றி அணைத்துவைத்து, ஒரு மாதக் கடைசி முழுதாகக் கடக்கட்டும். அப்புறம் டிஸ்க்குகளில் உள்ள ஊழியர், வாடிக்கையாளர் விவரங்களை முறையாக அழித்து, உரிமம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, டிஸ்க் எண்கள் குறித்த சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.