எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்: ஓட்டைகளை எண்ணாதீர்கள், ஒயரைப் பாருங்கள்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, எத்தனை பிளக் செருகலாம் என்பதைத்தான். ஆறு ஓட்டை இருந்தாலும் பத்து இருந்தாலும் அத்தனைக்கும் மின்சாரம் வருவது ஒரே ஒயர் வழியாக. அந்த ஒயர் எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஒரு கருவியின் வாட் அளவை 230-ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் கிடைத்துவிடும். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்பியர். 1500 வாட் கெட்டில் 6.5. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வரம்பு 6 ஆம்பியர். ஆக, கெட்டில் ஒன்றே வரம்பைத் தாண்டிவிடுகிறது. காலை அவசரத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர் ஓடும். ஒயர் சூடாவது ஆம்பியரின் இருமடிப்படி (ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு) என்பதால், 6 ஆம்பியரில் இருப்பதைவிடச் சூடு மூன்று மடங்குக்கும் மேல் ஏறுகிறது. செல்போன் சார்ஜர், டேபிள் லாம்ப், மோடம் போன்றவற்றை எத்தனை செருகினாலும் பெரிய பாதகமில்லை. சூடு பண்ணும் கருவிகள்தான் வில்லங்கம்.

"அதிகமானால் எம்.சி.பி. விழுந்துவிடுமே" என்பார்கள், மின்சாரம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்சை நம்பி. இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எம்.சி.பி. காப்பது சுவருக்குள் ஓடும் ஒயரை. பவர் லைனில் 16 அல்லது 20 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கும். உங்கள் மெல்லிய ஒயரில் 11 ஆம்பியர் ஓடும்போது அது ஏன் விழ வேண்டும்? அதன் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. 20 ஆம்பியர் எம்.சி.பி. 22 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும் என்பதே அதற்கான தர விதி. அதற்குள் எக்ஸ்டென்ஷன் ஒயரின் பிளாஸ்டிக் இளகிவிடும்.

16 ஆம்பியர் பிளக்கின் கால்கள் தடிமனாக இருப்பது, அது 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையக் கூடாது என்பதற்காகவே. அந்தத் தடையை வெல்ல ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுகிறோம். கீசர், ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றை இப்படிப் போடவே கூடாது. அவற்றுக்குச் சுவரில் தனி பாயிண்ட் வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டாவது வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகுவதும் வழக்கம். இரண்டாவதன் சுமை முழுவதும் முதலாவதன் ஒயரில்தான் விழுகிறது. கூடவே, தளர்ந்துபோகக்கூடிய இணைப்பு ஒன்றும் கூடுகிறது. எல்லா நாட்டு பிளக்கும் நுழையும் என்று விற்கப்படும் பெட்டிகளில் உள்ளே இருக்கும் தகடு எதையும் இறுக்கமாகப் பிடிப்பதில்லை. தளர்ந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலும், கெட்டில் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 20 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். ரேடியோ பழுது பார்ப்பவரின் 25 வாட் சால்டரிங் அயர்ன் முனைக்குச் சமம். பிளக்கின் அடிப்பகுதி பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, அந்தப் பாக்ஸைத் தூக்கிப் போடுங்கள். டேப் சுற்றி ஆயுளை நீட்டிக்க வேண்டாம்.

நீளமான ஒயரைச் சுருட்டியபடியே பயன்படுத்துவது பலர் அறியாத தவறு. 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் 20 மீட்டரில் 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடைப் போட்டால், ஒயரிலேயே சுமார் 40 வாட் சூடாகிறது. விரித்துப் போட்டால் மீட்டருக்கு 2 வாட், காற்றில் போய்விடும். சுருளாக இருந்தால் அத்தனையும் உள்ளேயே தங்கும். பாய்க்கும் கார்ப்பெட்டுக்கும் அடியில் ஒயரை ஓடவிட்டாலும் இதே கதை.

அடுத்தது எர்த். மூன்று ஓட்டை இருக்கும், ஆனால் உள்ளே போகும் ஒயரில் இரண்டே கம்பி. மலிவான பாக்ஸ்களில் இது சகஜம். அதில் ஃபிரிட்ஜையோ கிரைண்டரையோ போட்டால், கசிவு ஏற்படும்போது மின்சாரம் போக வழியில்லாமல் உலோக உடலிலேயே நிற்கும், தொடுபவருக்கு ஷாக். மூன்று கம்பி ஒயர்தானா என்று கடையிலேயே கேளுங்கள். ஒயரின் மேலுறையில் அளவும் ஐ.எஸ். 694 என்ற தர எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்கலாம்.

கோயில் விழா, கல்யாணப் பந்தல் என்றால் பிளக்கே இல்லாமல், ஒயர் முனையைச் சீவி, தீக்குச்சி வைத்துச் சாக்கெட்டில் இறுக்கும் வித்தை நடக்கும். ஈரத் தரையில் அதை யார் காலால் தட்டினாலும் மின்சாரம் ஓடும் கம்பி வெளியே வந்துவிடும். பந்தல்காரரிடம் பிளக் போட்ட ஒயரும், மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.