'ஈ து மமா தம்பியேன்' பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்ஃபோன்சோ குவாரோன் 2001இல் எடுத்த 'ஈ து மமா தம்பியேன்' படத்தை யாருக்காவது பரிந்துரைத்தால், "ஓ, அந்த மாதிரிப் படமா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். இரண்டு விடலைப் பையன்கள், அவர்களைவிட மூத்த ஒரு பெண், ஒரு கார், பையன்கள் வாய்க்கு வந்தபடி கதை கட்டிவிட்ட ஒரு கடற்கரை, நடுவில் தாராளமாகப் படுக்கையறைக் காட்சிகள். கதைச் சுருக்கம் என்னவோ இதுதான். ஆனால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், படத்தில் பாதி கண்ணில் படாமலே போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த மெக்சிகப் படம் என்பதால், பார்ப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களைச் சொல்லிவிடத் தோன்றுகிறது. முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படித்தாலும் சரி.

பெரிய தவறு, கதைசொல்லியின் குரலைக் காதில் வாங்காமல் விடுவது. பையன்கள் சிரித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். திடீரென்று எல்லாச் சத்தமும் அடங்கும். டேனியல் ஹிமெனெஸ் காச்சோவின் குரல், உணர்ச்சியே காட்டாமல், கதைக்குச் சம்பந்தமில்லாதது போல ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகும். அப்புறம் மறுபடி கும்மாளம். அந்த இடைவெளியில் போனைப் பார்த்தால் படத்தின் முதுகெலும்பே கையைவிட்டுப் போய்விடும்.

ஆரம்பத்தில் மெக்சிகோ நகரத்தில் கார் நெரிசலில் மாட்டிக்கொள்கிறது. ஏதோ ஊர்வலம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். குரல் சொல்கிறது: மிச்சோவகானிலிருந்து பிழைக்க வந்த மார்செலினோ எஸ்குத்தியா என்ற கொத்தனார் பஸ் மோதி இறந்திருக்கிறார். நடைமேம்பாலம் 2 கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் குறுக்கே சாலையைக் கடந்திருக்கிறார். உடலைக் கேட்டு ஆள் வர 4 நாள் ஆனது. காருக்குள் இருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது, கடைசிவரை தெரியப்போவதும் இல்லை. நமக்கு மட்டும் தெரியும். வசதியான வாழ்க்கை என்றால் என்ன என்பதைப் படம் இப்படித்தான் சொல்கிறது. பணக்கட்டுகளையோ மாளிகைகளையோ காட்டி அல்ல. எதையெல்லாம் தெரிந்துகொள்ளாமலே அவர்களால் கடந்துபோக முடிகிறது என்பதைக் காட்டி.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தெபெல்மெமே ஊர்ப் பலகை வரும் இடம். கார் ஓஹாகா மாநிலத்துக்குள் போகும்போது பையன்களில் ஒருவனான தெனோச் அந்தப் பலகையைப் பார்க்கிறான். அவனைப் பிறந்ததிலிருந்து வளர்த்த வேலைக்காரப் பெண் லியோவின் சொந்த ஊர் அது. 13 வயதில் அங்கிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்தவர். நான்கு வயதுவரை அவன் அவரைத்தான் அம்மா என்று கூப்பிட்டிருக்கிறான். அந்த ஊருக்கு ஒருமுறைகூட வந்ததில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. கார் நிற்காமல் போகிறது. குவாரோனை வளர்த்த லிபோவும் அதே தெபெல்மெமேக்காரர்தான். தெனோச்சின் லியோவாக இந்தப் படத்தில் வருவதே அவர்தான். 2018இல் வந்த தன் 'ரோமா' படத்தில்தான் குவாரோன் வீட்டு வேலைக்காரப் பெண்களைப் பற்றி முதன்முதலாக யோசித்தார் என்று எழுதுபவர்கள், தெனோச்சின் வீட்டில் போன் அடிக்கும் காட்சியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். போன் அவன் கைக்கெட்டும் தூரத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பெரிய வீட்டைக் கடந்து, கையில் சாப்பாட்டுத் தட்டோடு லியோ வந்துதான் அதை எடுப்பார். அவர் நடந்து வரும் தூரம் முழுவதும் கேமரா அவரோடேயே வரும்.

கேமரா கதையை விட்டு விலகிப் போகும்போது "இது எதுக்கு?" என்று பொறுமை இழப்பது அடுத்த தவறு. வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. மூவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே கேமரா ஒரு பாட்டியின் பின்னால் சமையலறைக்குள் போய்விடும். அங்கே பெண்கள் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதேபோல ஜனாதிபதியே விருந்தாளியாக வரும் கல்யாணத்தில், மண்டபத்துக்கு வெளியே காத்திருக்கும் டிரைவர்களுக்கும் காவலர்களுக்கும் தட்டு எடுத்துப் போகும் பெண்ணைத் தொடர்ந்து கேமரா வெளியே போகும். ஒளிப்பதிவாளர் இம்மானுவேல் லுபெஸ்கி அகலமான லென்ஸோடு, கேமராவைத் தோளில் வைத்து, நீண்ட ஷாட்டுகளாக எடுத்திருப்பதற்குக் காரணமே இதுதான். முகங்களை மட்டும் நெருக்கமாகக் காட்டியிருந்தால், ராணுவச் சோதனையில் சாலையோரம் நிறுத்தப்பட்ட கிராமத்து ஆட்கள் ஃபிரேமுக்குள் வந்திருக்கவே மாட்டார்கள். பின்னணியைப் பாருங்கள், கார்க் கண்ணாடிக்கு வெளியே பாருங்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

இரண்டு பையன்களையும் "பணக்காரப் பசங்க" என்று ஒரே கணக்கில் எழுதுவதும் சரியில்லை. தெனோச் (தியேகோ லூனா) ஆளுங்கட்சியில் செல்வாக்குள்ள அரசியல்வாதியின் மகன். ஹூலியோவின் (காயெல் கார்சியா பெர்னால்) அம்மா ஒரு கம்பெனியில் செக்ரட்டரி. அவன் அக்கா இடதுசாரி மாணவி. இந்த வித்தியாசத்தை இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. தங்கள் நட்பைப் பற்றி, கூட வரும் மூத்த பெண் லூயிசாவிடம் அவர்கள் பெருமையாக அளக்கும்போது, குரல் குறுக்கிட்டு அவர்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறது. தெனோச் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தினால், வாடை தெரியாமலிருக்க ஹூலியோ தீக்குச்சி கொளுத்துவான். ஹூலியோ வீட்டில் கழிப்பறை மூடியைத் தெனோச் காலால்தான் தூக்குவான். மெக்சிகோவின் வர்க்க இடைவெளியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தாலும் இவ்வளவு உறைக்காது.

லூயிசாவை (மரிபெல் வெர்து) பையன்களுக்குப் பாடம் சொல்லித்தரும் பாத்திரமாகச் சுருக்குவதையும் விட்டுவிடலாம். புருஷன் துரோகம் செய்ததால் கோபத்தில் கிளம்பினாள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கிளம்புமுன் அவள் டாக்டரிடம் போகிறாள். அந்தச் சின்னக் காட்சியைக் கவனித்தால் அவளுடைய அவசரமும் அழுகையும் வேறாகத் தெரியும்.

இன்னொன்று, பெயர்களை வைத்துக்கொண்டு விடுகதை அவிழ்ப்பது. சபாத்தா, இத்துர்பிதே, கோர்த்தேஸ், கர்ரான்சா என்று குடும்பப் பெயர்கள் எல்லாம் மெக்சிக வரலாற்றிலிருந்து வந்தவைதான். அது தெரிந்தால் நல்லது. அதற்காக, புரட்சித் தலைவர் சபாத்தாவின் பெயருள்ள ஹூலியோதான் புரட்சி, மெக்சிகோவைப் பிடித்த கோர்த்தேஸின் பெயருள்ள லூயிசாதான் படையெடுப்பு என்று அட்டவணை போட ஆரம்பித்தால், படத்தில் உயிரோடு இருக்கும் மூன்று மனிதர்களும் பொம்மைகளாகிவிடுவார்கள்.

அந்த அட்டவணைக்குச் செலவழிக்கும் நேரத்தைச் சூய் என்ற மீனவருக்குக் கொடுக்கலாம். கடற்கரையில் படகும் சாப்பாடும் கொடுத்து மூவரையும் உபசரிப்பவர். அவருடைய எதிர்காலத்தையும் குரல் சொல்லிவிடுகிறது: அங்கே சொகுசு ஹோட்டல் வரும், குடும்பம் வீட்டைக் காலி செய்யும், சுற்றுலாப் படகு ஓட்டிப் பிழைக்கலாம் என்றால் அக்காபுல்கோவிலிருந்து வரும் படகுக்காரர்கள் விடமாட்டார்கள், கடைசியில் அதே ஹோட்டலில் துப்புரவு வேலை. அதன்பின் அவர் மீன் பிடிக்கவே மாட்டார். இதைச் சொல்லும்போது அவர் நம் கண்முன் சந்தோஷமாக இருக்கிறார்.

முடிவைப் பற்றி. கடற்கரையில் ஓர் இரவு பையன்கள் இருவரும் முத்தமிட்டுக்கொண்டதால்தான் நட்பு முறிந்தது என்று பல விமர்சனங்கள் நிறுத்திக்கொள்கின்றன. வெட்கமும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசி காபிக் கடைக் காட்சியைக் கவனியுங்கள். 2000 தேர்தலில் ஆளுங்கட்சியான பிஆர்ஐ 71 ஆண்டுகளில் முதல்முறையாக ஜனாதிபதி பதவியை இழந்திருக்கிறது. எழுத்தாளனாக ஆசைப்பட்ட தெனோச், அப்பா சொன்னபடி ஐடாம் என்ற தனியார் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கிறான். ஹூலியோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உயிரியல். ஆட்சி மாறிவிட்டது, இவர்கள் இருவரும் அவரவர் வர்க்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பயணம் முடிந்த ஒரே மாதத்தில் லூயிசா புற்றுநோயில் இறந்துபோனதைத் தெனோச் சொல்கிறான். பில் வருகிறது. அதன்பின் இருவரும் சந்திக்கவே போவதில்லை. முத்தம் நடக்காமலிருந்தாலும் இவர்கள் எத்தனை நாள் நண்பர்களாக இருந்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு உண்டு.

பார்ப்பதற்கு முன் ஓட்ட நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முழுப் படம் சுமார் 105 நிமிடம். காட்சிகளை வெட்டிய பதிப்பும் உலவுகிறது. டப்பிங் வேண்டாம், ஸ்பானிஷ் ஒலியோடு சப்டைட்டில் வைத்தே பாருங்கள்.