சாலையை மூடிவிட்டார்கள், வரைபடத்தில் என்ன செய்வது?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பழுதுபார்ப்புக்காக ஒரு பாலத்தை மூடியிருப்பதைப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் எடிட்டரைத் திறந்து பாலத்தையே அழித்துவிடுகிறார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்தப் பாலத்தின் வழியாகப் போகும் பேருந்துத் தடங்கள் எல்லாம் வரைபடத்தில் நடுவே அறுந்துபோகும். பிறகு யாராவது புதிதாக வரைந்தாலும் பழைய பாலத்தின் திருத்த வரலாறு அதோடு சேராது.

அதனால் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தரையில் இருக்கும் ஒன்றை, மூடியிருக்கிறது என்பதற்காக அழிக்கக் கூடாது. தேவைப்பட்டால் அதன் டேக்கை, அதாவது அது என்ன, எப்படிப்பட்டது என்று சொல்லும் குறிச்சொல்லை, மட்டும் மாற்றலாம்.

படி 1: எப்போது திறப்பார்கள் என்று கேளுங்கள்

நேரில் போனால் தகவல் பலகையைப் படியுங்கள், அங்கே வேலை செய்பவர்களிடம் விசாரியுங்கள். தேதி தெரியாவிட்டால் எடிட் செய்ய அவசரப்பட வேண்டாம். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு குறிப்பு போட்டால் போதும். அக்கம்பக்கத்து மேப்பர் (வரைபடத்தைத் திருத்துபவர்) யாராவது பார்த்துப் பதில் சொல்வார்.

படி 2: எத்தனை நாள் என்று கணக்கிடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நாம் சேமித்ததும் மாற்றம் தளத்தில் சீக்கிரமே தெரிந்துவிடும். ஆனால் பலர் தளத்தைப் பார்ப்பதே இல்லை. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகளில் வரைபடத்தை இறக்கி வைத்து, இணையம் இல்லாமலே வழி பார்க்கிறார்கள். ஓஎஸ்எம்ஆண்டின் வழக்கமான வரைபடங்கள் மாதம் ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகின்றன. அதையும் இறக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் மட்டும் மூடும் சாலையை நீங்கள் மூடியதாகக் குறிக்கிறீர்கள். ஏற்கெனவே வரைபடம் இறக்கியவருக்கு அது தெரியாது, அவர் நேராகத் தடுப்பில் போய் நிற்பார். அந்த வாரத்து நகலை இறக்கியவரோ, சாலை திறந்த பிறகும் பல வாரம் சுற்றிக்கொண்டு போவார். இரண்டு பேருக்கும் பயனில்லை.

தற்காலிக நிகழ்வுகளை வரைய வேண்டாம் என்பதுதான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விக்கியின் பொதுவான அறிவுரை. எத்தனை நாள் இருந்தால் தற்காலிகம் என்பதில் மேப்பர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. என் அளவுகோல் மூன்று மாதம். அதற்குக் குறைவென்றால் சாலையைத் தொட மாட்டேன்.

படி 3: பொருத்தமான டேக்கைத் தேர்ந்தெடுங்கள்

(டேக்குகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.)

திரும்பத் திரும்ப நடப்பது தற்காலிகம் ஆகாது. சனிக்கிழமைதோறும் காலையில் வாகனம் விடாத தெரு என்றால் அது அந்தத் தெருவின் நிரந்தர இயல்பு. 'மோட்டார்_வெஹிக்கிள்:கண்டிஷனல்' என்ற டேக்குக்கு 'நோ @ (சா 06:00-12:00)' என்று மதிப்புக் கொடுங்கள் ('சா' என்பது சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கம்). மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைக்கு 'இன்டர்மிட்டன்ட்=யெஸ்' போதும்.

பல மாதம் நடக்கும் கட்டுமான வேலைக்கு 'ஹைவே=கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று மாற்றி, சாலையின் பழைய வகையைக் 'கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற தனி டேக்கில் வையுங்கள். பிரைமரி என்ற சாலை வகையாக இருந்தால் 'கன்ஸ்ட்ரக்‌ஷன்=பிரைமரி'. திறக்கும் தேதியை 'ஓப்பனிங்_டேட்' டேக்கில் சேருங்கள். கண்டிஷனல் டேக்கிலும் தொடக்க, முடிவுத் தேதிகளைக் கொடுக்கலாம், ஆனால் எல்லாச் செயலிகளும் அதைப் படிப்பதில்லை.

பழையதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புதியதைச் சொல்வதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2020இல் வந்தது. கொரோனா காலத்தில் கடைகளின் நேரம் அடிக்கடி மாறியபோது, 'ஓப்பனிங்_ஹவர்ஸ்:கோவிட்19' என்று ஒரு தனி டேக்கைப் பயன்படுத்தினார்கள். வழக்கமான நேரம் அதன் டேக்கிலேயே அப்படியே இருந்தது.

பேரிடர் மட்டும் விதிவிலக்கு. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கூடார முகாம்களையும் இடிந்த கட்டடங்களையும் வரைந்தார்கள். முகாம் தற்காலிகமானதுதான். ஆனாலும் மீட்புக் குழு தேடியது அதைத்தான்.

படி 4: சேமிக்கும்போது காரணம் எழுதுங்கள்

"அப்டேட்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். "பாலம் பழுதுபார்ப்பு, ஆகஸ்ட் இறுதி வரை மூடல், நேரில் பார்த்தது" என்று எழுதினால், பிறகு வருபவருக்கு என்ன நடந்தது என்று புரியும்.

படி 5: திரும்பி வாருங்கள்

கைபேசி நாட்காட்டியில் திறக்கும் தேதிக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். அந்த நாளில் நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் மிகவும் நல்லது, ஏனென்றால் அறிவித்த தேதியில் வேலை முடியாமல் போவது சகஜம். திறந்திருந்தால், கன்ஸ்ட்ரக்‌ஷன் டேக்கில் வைத்த பழைய வகையை 'ஹைவே' டேக்கில் திரும்பப் போட்டு, கன்ஸ்ட்ரக்‌ஷன், ஓப்பனிங்_டேட் இரண்டையும் நீக்குங்கள். அப்புறம் சாலையை ஒருமுறை உன்னிப்பாகப் பாருங்கள்: வேலை முடிந்தபின் ஒருவழிப் பாதையாக மாறியிருக்கலாம், வாகனங்கள் செல்லும் லேன்கள் கூடியிருக்கலாம், புதிதாக நடைபாதை வந்திருக்கலாம். அவை நிரந்தர மாற்றங்கள், தயங்காமல் வரைந்துவிடுங்கள்.