சென்னை பூக்கடை பக்கம் பிளாக் அண்ட் ஒயிட் ஸ்ட்ரீட் போட்டோ: மொத நாள் எப்படி எடுக்கறது

புது கேமராலாம் வேணாம்ங்க, கையில இருக்கற போனே போதும். காலையில ஏழு மணிக்குள்ள ஹைகோர்ட் மெட்ரோவுல எறங்கிடுங்க, ஒம்பதர தாண்டிட்டா வெயில் மேல ஏறி நிழலெல்லாம் சுருங்கிட்டே வரும், அதுக்கப்புறம் எடுக்கறது சப்புன்னு இருக்கும்.

மொதல்ல செட்டிங். கேமராவா இருந்தா ரா (RAW, கேமரா பிடிச்சத அப்படியே வெச்சுக்கற ஃபைல்), ஜேபெக் (JPEG, சாதாரண போட்டோ ஃபைல்) ரெண்டும் சேத்து வெச்சு, பிக்சர் ஸ்டைல்ங்கற செட்டிங்க மோனோக்ரோம்ல, அதாவது கருப்பு வெள்ளையில போடுங்க. ஸ்கிரீன்ல கருப்பு வெள்ளையா தெரியும், ரா ஃபைல்ல கலர் பத்திரமா இருக்கும். போன்னா மோனோ ஃபில்டர்ல நாலஞ்சு எடுத்து கண்ண பழக்கிட்டு அப்புறம் கலர்லயே எடுங்க, வீட்ல மாத்திக்கலாம், ஏன்னு கீழ சொல்றேன். கேமராவுல நடக்கற ஆளுக்கு ஷட்டர் வேகம் 1/250 செகண்ட், வண்டிக்கு 1/500, ஐஎஸ்ஓ (வெளிச்சத்த வாங்கற உணர்திறன்) ஆட்டோ. ஃபுல் ஃப்ரேம்ல (பெரிய சென்சார் இருக்கற கேமரா) 28 எம்எம் லென்ஸ்னா லென்ஸ் தொறப்ப எஃப் 8ல வெச்சு பத்தடியில ஃபோகஸ நிறுத்திடுங்க, அஞ்சாறு அடியில இருந்து ரொம்ப தூரம் வரைக்கும் ஷார்ப்பா வரும், ஆள் வந்தப்புறம் ஃபோகஸ் தேட வேண்டியதில்ல.

அடுத்து எடம். என்எஸ்சி போஸ் ரோடு கிழக்கு மேற்கா ஓடுது, அதனால காலையில ஹார்பர் பக்கம் பாத்து நின்னீங்கன்னா வெயில் நேரா எதிர்ல. மூட்ட ஏத்துன மீன்பாடி வண்டி (மூணு சக்கர சரக்கு வண்டி) ஒண்ணு வந்தா போதும், வண்டியும் ஆளும் கருப்பா, சுத்தி வெளிச்சக் கோடு மட்டும். போன்ல வெளிச்சமான எடத்த தொட்டு எக்ஸ்போஷர (படத்தோட வெளிச்ச அளவ) கீழ இழுங்க, கேமராவுல அதே எக்ஸ்போஷர மைனஸ் ஒண்ணுல வைங்க. இருட்டு இருட்டாவே இருக்கட்டும், தயவுசெஞ்சு அத வெளிச்சமாக்காதீங்க. ஒரே எடத்துல இருவது நிமிஷம் நில்லுங்க, சுத்திட்டே இருந்தா ஒண்ணும் கெடைக்காது.

அப்புறம் பூ விக்கற பத்ரியன் தெருவுக்குள்ள போங்க. எனக்கு புத்தி வந்தது இங்கதான். பச்ச எல மேல செவப்பு ரோஜா குவிச்சிருந்தத ஆசையா எடுத்துட்டு வந்து கருப்பு வெள்ளையா மாத்திப் பாத்தா ரெண்டும் ஒரே சாம்பல், எது பூ எது எலன்னே தெரியல. நிறம் வேறயா இருந்தாலும் வெளிச்ச அளவு ஒண்ணா இருந்தா இப்படித்தான் ஆகும். ஆனா பக்கத்துல ஒரு அம்மா மல்லி கட்டிட்டு இருந்தாங்க, நாரு சுத்துற அந்த விரல், நகத்துக்கிட்ட ஈரம், கருத்த கையில வெள்ள மொட்டு, அது அப்படியே நின்னுச்சு. அதனால கலர மறந்துட்டு எது வெளுப்பு எது கருப்புன்னு மட்டும் பாருங்க.

ஆளுங்கள எடுக்கறப்ப "அக்கா ஒரு போட்டோ எடுத்துக்கவா"ன்னு கேட்டுடுங்க, வேணாம்னா சரின்னு நகந்துடுங்க. எடுத்தத காட்டுங்க, சிரிப்பாங்க, அடுத்த படம் அதவிட நல்லா வரும். கோர்ட் வளாகத்துக்குள்ள கேமரா தூக்க வேணாம், வெளிய ரோடே போதும்.

வீட்டுக்கு வந்து ஸ்நாப்சீட்ங்கற போட்டோ எடிட்டிங் ஆப்ல பிளாக் அண்ட் ஒயிட் டூல தொறந்து செவப்பு ஃபில்டர் போட்டுப் பாருங்க, ரோஜா வெளுத்து எல கருக்கும், ரெண்டும் பிரிஞ்சிடும். கலர்ல எடுக்க சொன்னது இதுக்குத்தான். அம்பது எடுத்தா மூணு வெச்சுக்கோங்க.

அந்த மூணுல ஆள் இருந்தா ஸ்டூடியோவுல ஒரு 4x6 பிரிண்ட் போட்டு, அடுத்த தடவ போறப்ப அவங்க கையில குடுத்துடுங்க.