தோலாவிராவைத் தண்ணீர் வந்த வழியே சுற்றிப் பாருங்கள்

குஜராத்தின் கட்ச் உப்புப் பாலைவனத்துக்கு நடுவே, கதிர் பேட் என்ற தீவில் இருக்கிறது தோலாவிரா. கி.மு. 3000 வாக்கில் தொடங்கி 1500 வரை சிந்துவெளி மக்கள் வாழ்ந்த நகரம். வருகிறவர்களில் பலர் நேரே கோட்டை மேட்டில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஏரி, மதகு, வாய்க்கால் என்றே வேலை பார்த்தவன் நான். என்னைக் கேட்டால், தண்ணீர் வந்த வழியே நடந்தால்தான் இந்த ஊர் பிடிபடும்.

டிசம்பர், ஜனவரியில் போங்கள். உள்ளே நிழலே கிடையாது, அதனால் காலையிலேயே நுழைந்துவிடுவது நல்லது.

முதலில் கிழக்கு நீர்த்தேக்கம். 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம். அவசரப்படாமல் கரையில் நின்று படிக்கட்டைப் பாருங்கள்: நீர்மட்டம் எவ்வளவு இறங்கினாலும் குடத்தோடு இறங்கி மொள்ள வழி வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என்று இரண்டு ஓடைகள். மழை பெய்தால்தான் அவற்றில் தண்ணீர். குறுக்கே தடுப்பணை கட்டி, அந்தக் கொஞ்ச நாள் வெள்ளத்தை ஊருக்குள் திருப்பினார்கள். நிலம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சுமார் 13 மீட்டர் சரிகிறது. அந்த வாட்டத்தைக் கணக்குப் பண்ணித்தான் தேக்கங்களை வெட்டியிருக்கிறார்கள். மட்டம் பார்க்கும் கருவியோடு வெயிலில் அலைந்தவனுக்குத்தான் இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்!

அப்புறம் தெற்குப் பக்கம் வாருங்கள். அங்கே பாறையையே குடைந்து தொட்டி ஆக்கியிருக்கிறார்கள். அதன்பின் கோட்டைக்குள் இருக்கும் கிணறு. விளிம்புக் கல்லில் கயிறு உரசி உரசி விழுந்த தடம் இன்னும் தெரிகிறது. மேட்டில் விழும் மழைநீரையும் வீணாக்காமல் கல் வடிகாலில் இறக்கியிருக்கிறார்கள்.

கடைசியாக வடக்கு வாசல். இங்கேதான் சிந்துவெளி எழுத்தின் பத்துக் குறிகள் கொண்ட பெரிய பெயர்ப்பலகை கிடைத்தது. மரப்பலகை மக்கிப்போக, ஜிப்சத்தில் செய்து பதித்த குறிகள் மட்டும் மிஞ்சின. அவற்றை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

1990 வாக்கில் தொல்லியலாளர் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் இங்கே அகழாய்வு தொடங்கியது. அந்த வேலையில் இருந்த உள்ளூர்க்காரர்கள் யாராவது வழிகாட்டியாகக் கிடைத்தால் விடாதீர்கள். ராஜா, கோட்டை என்று கதை கேட்காமல், எந்தத் தேக்கத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வந்தது என்று கேளுங்கள்.