தாத்தா பைப்பை பளபளப்பாக்குறது எப்படி

மாட்டுங்கா வீட்டு ஷோகேஸ்ல தாத்தாவோட புகையிலை பைப் இருக்கு, மும்பை மழை ஓஞ்சதும் அதை எடுத்து துடைக்கிறது என் வேலை. பிரையர் மரம்ங்க, அதாவது ஒரு புதர்ச்செடியோட கெட்டியான வேர்க்கட்டை, தண்ணில ஊறப்போடாதீங்க, வெளிப்பக்கம் ஸ்பிரிட் பட்டா சாயம் போயிடும். விளிம்புல ஒட்டியிருக்கிற கருப்புக் கறைய கத்தியால சுரண்டவே வேணாம், பழைய பனியன் துணிய லேசா நனைச்சு பொறுமையா தேச்சா துணி டிகாஷன் கலருக்கு மாறும், கறையும் மெல்ல விட்டுடும். வாயில வைக்கிற தண்டு எபனைட்னா, அதாவது கெட்டியான கருப்பு ரப்பர்னா, வெளிச்சம் பட்டு பச்சையா மங்கிடும், கழட்டி வெள்ளை டூத்பேஸ்ட் தேச்சு துடைங்க. புகைக்கிறவங்க பைப்னா நல்லா ஆறுனப்புறம்தான் கழட்டணும், சூட்டுல திருகினா உடையும். மரத்துக்கு கார்னூபாங்கிற பனை ஓலை மெழுகு துளியூண்டு தடவி காட்டன் துணியால அழுத்தி தேச்சுட்டே இருங்க, ரேகை ஒவ்வொண்ணா எழுந்து வரும், அவ்வளவு அழகு!