அமெரிக்க டயட்டீஷியன் தேர்வு: சமையலறைப் பக்கமிருந்து படிக்கத் தொடங்குங்கள்

அமெரிக்காவில் பதிவுபெற்ற டயட்டீஷியன் (உணவியல் நிபுணர்) ஆக எழுதும் இந்தத் தேர்வில் மதிப்பெண் 1 முதல் 50 வரை. தேற 25 வேண்டும். முதல் தடவை எனக்கு வந்தது 23. சிறுநீரக நோயாளிக்கு என்ன உணவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் எத்தனை பவுண்டு காய் வாங்குவது, எத்தனை ஆளை வேலைக்கு வைப்பது என்ற கணக்குகளில் திணறிப்போனேன். 45 நாள் காத்திருந்து மறுபடி எழுதினேன். அந்த 45 நாளில் படித்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. எழுத முடியுமா என்று முதலில் பாருங்கள்

தேர்வை நடத்துவது கமிஷன் ஆன் டயட்டெடிக் ரெஜிஸ்ட்ரேஷன், சுருக்கமாக சிடிஆர். 2024 ஜனவரி 1 முதல் முதுகலைப் பட்டம் இல்லாமல் புதிதாக யாரும் தேர்வுக்குத் தகுதி பெற முடியாது. அத்துடன் மேற்பார்வையில் செய்த பயிற்சியும் வேண்டும். நம் ஊரில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வந்தவர்கள் அந்தப் பட்டம் இங்குள்ள பட்டத்துக்கு ஈடானதா என்று முதலில் மதிப்பீடு வாங்க வேண்டும். அது கிடைத்தாலும் விடுபட்ட பாடங்களும் பயிற்சியும் பாக்கி இருக்கும். இதை முடிக்காமல் கைடு வாங்கி அடுக்க வேண்டாம்.

2. தேர்வு எப்படி இருக்கும்

கணினித் தேர்வுகள் நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எழுதுவது. குறைந்தது 125 கேள்விகள், அதிகம் போனால் 145. அதில் 25 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, எவை என்று நமக்குச் சொல்லவும் மாட்டார்கள். நீங்கள் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். ஒரு கேள்வியை விட்டுவிட்டு அப்புறம் திரும்பி வருவது முடியாது. நம் ஊர்ப் பரீட்சைகளில் தெரிந்ததை முதலில் எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய சிரமம், அதனால் வீட்டில் பழகும்போதும் பின்னால் போகாமல் பழகுங்கள்.

2022 முதல் 2026 வரையிலான பாடத்திட்டத்தில் நான்கு பகுதிகள். உணவியல் அடிப்படைகள் 21%. இதில்தான் உணவு அறிவியல், சத்துகள், ஆராய்ச்சி முறை எல்லாம் வரும். நோயாளி மற்றும் குழுக்களுக்கான சத்துப் பராமரிப்பு 45%. நிர்வாகம் 21%. உணவு தயாரிப்பு, பரிமாறல் 13%. கடைசி இரண்டையும் கூட்டினால் 34. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! அதைத்தான் நான் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தேன்.

3. சமையலறைக் கணக்கு

இதில் முதலில் உட்காருங்கள். மனப்பாடம் குறைவு, நான்கைந்து சூத்திரம் கைவந்தால் மதிப்பெண் நிச்சயம்.

அதற்கு முன் ஒரு நாள் முழுக்க அளவுகளுக்கு. நாம் கிலோவும் லிட்டரும் படியும் ஆழாக்கும் பார்த்து வளர்ந்தவர்கள், இங்கே அவுன்ஸ், பவுண்டு, குவார்ட், கேலன். 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு. 4 கப் ஒரு குவார்ட், 4 குவார்ட் ஒரு கேலன். திரவ அவுன்ஸும் எடை அவுன்ஸும் ஒன்றில்லை. தண்ணீருக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும், மாவுக்குப் போகாது. இதில் நான் பல முறை வழுக்கியிருக்கிறேன்.

அடுத்து, வாங்கும் எடையும் தேறும் எடையும். கேரட்டைத் தோல் சீவி நறுக்கினால் 80% தேறும் என்று கேள்வியில் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு 20 பவுண்டு தேற வேண்டும் என்றால் 20-ஐ 0.80-ஆல் வகுக்க வேண்டும். 25 பவுண்டு வாங்க வேண்டும். அவசரத்தில் பெருக்கிவிட்டால் 16 வரும், அந்த 16-உம் விடைகளில் ஒன்றாக உங்களுக்காகக் காத்திருக்கும். வாங்குவது எப்போதும் தேறுவதைவிட அதிகம் என்பதை நினைவில் வைத்தால் தப்பிக்கலாம்.

ஸ்கூப் (உணவை அளந்து பரிமாறும் கரண்டி) நம்பர்: ஒரு குவார்ட்டில் எத்தனை ஸ்கூப் வருமோ அதுதான் நம்பர். ஒரு குவார்ட்டுக்கு 32 திரவ அவுன்ஸ், அதை நம்பரால் வகுத்தால் போதும். 8-ஆம் நம்பர் 4 அவுன்ஸ், அதாவது அரை கப். 16-ஆம் நம்பர் கால் கப். நம்பர் ஏற ஏற ஸ்கூப் சிறுக்கும்.

விலை: ஒரு தட்டுக்குப் பொருள் செலவு 2.10 டாலர், உணவுச் செலவு விற்பனை விலையில் 35%-க்குள் இருக்க வேண்டும் என்றால் 2.10 ÷ 0.35 = 6 டாலருக்கு விற்க வேண்டும்.

வெப்பநிலைகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எஃப்டிஏ (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) உணவு விதிப்படி குளிர்ந்த உணவு 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், சூடான உணவு 135-க்கு மேல். சமைக்கும்போது உள்ளே எட்ட வேண்டியது: கோழி 165, அரைத்த இறைச்சி 155, முழு மீன் துண்டு 145. சமைத்ததை ஆற வைக்க இரண்டு கட்டம்: 135-லிருந்து 70-க்கு 2 மணி நேரத்தில், அங்கிருந்து 41-க்கு அடுத்த 4 மணி நேரத்தில். முதல் கட்டத்துக்கு ஏன் நேரம் குறைவு? கிருமிகள் மளமளவென்று பெருகுவது அந்த இடைவெளியில்தான். கல்யாண வீட்டு அண்டா சாம்பாரை நினைத்துப் பாருங்கள், இரண்டு மணி கழித்தும் நடுவில் கை வைக்க முடியாது. அகலமான ஆழமில்லாத தட்டுகளில் ஊற்றி ஆற வைக்கச் சொல்வது அதனால்தான்.

4. நிர்வாகம்

இதில் பாதி பொது அறிவு. நிர்வாகியின் நான்கு வேலைகள்: திட்டமிடல், ஒழுங்குபடுத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல். மாஸ்லோவின் தேவைப் படிநிலை (மனிதத் தேவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழும் வரிசை). மெக்ரெகரின் எக்ஸ், ஒய் கோட்பாடுகள் (ஆட்கள் வேலையைத் தட்டிக்கழிப்பார்கள் என்பது எக்ஸ், தாமே பொறுப்பெடுப்பார்கள் என்பது ஒய்). ஒரு நாள் போதும். கணக்கு மட்டும் இரண்டு.

ஒரு முழுநேர ஆள் என்றால் வாரம் 40 மணி, வருடம் 2,080 மணி. ஒரு பணியிடத்தில் தினம் 14 மணி நேரம், ஏழு நாளும் ஆள் வேண்டும் என்றால் 98 மணி. 40-ஆல் வகுத்தால் 2.45 ஆள்.

இன்னொன்று, நட்டமும் லாபமும் இல்லாத புள்ளி. மாதம் நிலையான செலவு 12,000 டாலர், விற்பனையில் 60% மாறும் செலவு. மீதி 40%-தான் நிலையான செலவைத் தாங்க வேண்டும். 12,000 ÷ 0.40 = 30,000 டாலருக்கு விற்றால் கையைக் கடிக்காது.

5. ஆராய்ச்சி முறை

இதைக் கண்டுதான் எல்லாரும் ஓடுகிறார்கள். வரையறையை விட்டுவிட்டுக் கதையாகப் படியுங்கள். 1914-இல் ஜோசப் கோல்ட்பர்கர் என்ற அரசு மருத்துவர் அமெரிக்கத் தென் மாநிலங்களுக்கு பெலாக்ரா நோயை (தோல் வெடிப்பும் வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் தரும் நோய்) பார்க்க அனுப்பப்பட்டார். தொற்றுநோய் என்று பலர் நம்பிய காலம். விடுதிகளில் இருப்பவர்களுக்கு வருகிறது, அவர்களோடு பழகும் ஊழியர்களுக்கு வரவில்லையே என்று அவர் கவனித்தார். அது உற்றுநோக்கல். பிறகு அநாதை இல்லங்களில் பாலும் இறைச்சியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார், நோய் அடங்கியது. அது தலையீடு. நயாசின் என்ற வைட்டமின் பற்றாக்குறை என்பது பின்னால் தெரிந்தது.

1948-இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய ஃபிராமிங்ஹாம் ஆய்வில் 5,209 பேரை முதலில் சேர்த்துவிட்டு, யாருக்கு இதய நோய் வருகிறது என்று வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அதனால் அது கோஹார்ட். நோய் வந்தவரையும் வராதவரையும் எடுத்துக்கொண்டு பின்னோக்கிக் கேட்டால் கேஸ் கண்ட்ரோல். கேள்வியைப் படித்ததும் நேரம் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று ஒரு அம்புக்குறி போடுங்கள், பாதி விடை வந்துவிடும்.

சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி: 100 நோயாளிகள், 20 பேருக்கு உண்மையிலேயே ஊட்டக்குறைவு. நம் சோதனை அதில் 18 பேரைப் பிடித்தது. 18/20 = 90%, இது சென்சிட்டிவிட்டி. நலமாக இருக்கும் 80 பேரில் 64 பேரைச் சரியாக விட்டுவிட்டது. 64/80 = 80%, இது ஸ்பெசிஃபிசிட்டி. நாலு கட்டம் போட்டு எண்களை நிரப்பாமல் மனக்கணக்கில் இறங்காதீர்கள்.

6. நோயாளிப் பராமரிப்பு

45% என்றாலும் பயிற்சிக் காலத்தில் தினம் செய்ததுதான். மதிப்பீடு, கண்டறிதல், தலையீடு, கண்காணிப்பு என்ற வரிசையை மட்டும் விடாதீர்கள். “முதலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், தகவல் போதாதபோது ஆலோசனை சொல்லப் பாய்வது தவறு.

உடல் ஓய்வில் ஒரு நாளைக்குச் செலவழிக்கும் கலோரியைச் சொல்லும் மிஃப்ளின் சூத்திரத்தைக் கைப்பழக்கமாக்குங்கள்: எடை × 10, உயரம் × 6.25, வயது × 5. முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்து, பெண்ணென்றால் 161 கழிக்க, ஆணென்றால் 5 கூட்ட. 60 கிலோ, 160 செ.மீ., 40 வயதுப் பெண்ணுக்கு 600 + 1,000 − 200 − 161 = 1,239 கலோரி.

ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் உணவில் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) கிராமுக்கு 3.4 கலோரி, சாதாரண மாவுச்சத்துக்குச் சொல்லும் 4 இல்லை. 250 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் 850, 80 கிராம் அமினோ அமிலம் 320, 20% கொழுப்புக் கரைசல் 250 மி.லி. (மி.லி.க்கு 2 கலோரி) 500. மொத்தம் 1,670. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு வேகமாக உணவேற்றினால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் சரியும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

7. தவறு நோட்டு

தினம் 50 பயிற்சிக் கேள்விகள் போதும். தவறானதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணம்: தெரியவில்லை, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, கணக்கில் சறுக்கல். என் நோட்டில் இரண்டாவது வகைதான் அதிகம் நிரம்பியது. “தவிர” என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுவேன். அதன் பிறகு கேள்வியின் கடைசி வரியை முதலில் படிக்கப் பழகினேன்.

இன்றைக்கே ஒன்று போட்டுப் பாருங்கள். 150 பேருக்கு ஆளுக்கு 4 அவுன்ஸ் சமைத்த கோழி. வாங்கிய கோழியில் 60% தேறும். எத்தனை பவுண்டு வாங்குவீர்கள்? 62.5 வந்தால் சரி. 22.5 வந்தால் மேலே சமையலறைக் கணக்குக்குத் திரும்பிப் போங்கள்.